மழை பெய்தால்...

உங்களை ஒரு சின்னக் கேள்வி கேட்கிறேன். இலக்கணப் புத்தகத்தைப் புரட்டாமல் பதில் சொல்லுங்கள். "நாளைக்கு மழை பெய்தால் விதைப்போம்" என்கிறோமே, இதில் 'பெய்தால்' என்பது இறந்த காலமா, நிகழ் காலமா, எதிர்காலமா?

எதிர்காலம் என்று சட்டென்று சொல்லியிருப்பீர்கள். மழை நாளைக்குத்தானே பெய்யவேண்டும்! ஆனால் அந்தச் சொல்லை ஒரு முறை உற்றுப் பாருங்கள். 'மழை பெய்தது', 'பெய்த மழை' என்கிறோமே, அங்கே இருக்கிற அதே 'பெய்த்' தான் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. வந்தது, வந்தால்; போனது, போனால்; கண்டது, கண்டால்; படித்தது, படித்தால். எதை எடுத்தாலும் இதே கதைதான். பழைய புடவையைக் கட்டிக்கொண்டு நாளைய கல்யாணத்துக்குப் புறப்படுகிற சொல் இது! 'பெய்வால்' என்றோ 'வருவால்' என்றோ நாம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும்.

இந்தக் கேள்வி என் மூளையில் உதித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஓர் ஆயா அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே இதைக் கிளப்பிவிட்டாள். நடந்த இடம் நைனார்பாளையம்.

நைனார்பாளையம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். வயதானவர்களைக் கேட்டால் தென்னார்க்காடு ஜில்லா என்பார்கள். 1993-இல் அந்த ஜில்லாவைப் பிரித்தபோது விழுப்புரத்தோடு போயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்தது. ஊர் என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது; முகவரிதான் ஊர் சுற்றுகிறது. என் தங்கையை அங்கே கொடுத்திருக்கிறது. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான் என்பது தெரிந்துவிட்டதால், அங்கே போனால் இரண்டு நாளாவது திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தாமல் திரும்பமுடியாது.

மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற பூமி அது. கிணற்றுத் தண்ணீர் இருக்கிறவர்கள் ஒருவிதம். வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள் இன்னொரு விதம். புரட்டாசி பிறந்துவிட்டால் இந்த இரண்டாவது ஜாதியார் கல்வராயன் மலைப் பக்கம் மேகம் திரள்கிறதா என்று பார்த்தபடியே பல் துலக்குவார்கள். "பேஞ்சா", "பேயாட்டி", "பேஞ்சிருந்தா" என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டே அரை நாள் பேசுவார்கள். ஆங்கிலத்தில் 'இஃப்' என்ற இரண்டெழுத்தைப் பற்றிப் பாடம் நடத்த இதைவிடப் பொருத்தமான ஊர் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!

அடுத்த வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது, நோட்டிலும் ஒரு சிவப்பு வட்டம். அவள் எழுதியிருந்த வாக்கியம் இது: "இஃப் இட் வில் ரெயின் டுமாரோ, வீ வில் ஸோ." நாளை மழை பெய்தால் விதைப்போம் என்று அர்த்தமாம். முதலில் வருகிற 'வில்' தலையில்தான் வட்டம்.

"நாளைக்குன்னா எதிர்காலம்தானே டீச்சர்? எதிர்காலத்துக்கு 'வில்' போடுன்னு ஆறாம் வகுப்பிலே சொன்னாங்க. போட்டா இப்ப தப்புங்கறாங்க. ரெண்டாவதா வர்ற 'வில்'லுக்கு மட்டும் ஏன் வட்டம் போடலை?"

நியாயமான கேள்வி. 'இஃப்'புக்குப் பிறகு 'வில்' வராது, மனப்பாடம் பண்ணிக்கொள் என்று வாயடைக்கிறது எளிது. எத்தனையோ வகுப்புகளில் அப்படித்தான் நடக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா குறுக்கே வந்தாள்.

"ஏம்மா டீச்சரு, 'மழ பேஞ்சா வெதைப்போம்'னுதானே நாமளும் சொல்றோம்? 'மழ பேயும்னா வெதைப்போம்'னா சொல்றோம்? 'போம்' பின்னாலதான வருது?"

கத்தரிக்காய் சட்டியில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்குத்தான் சிலிர்த்தது. ஆயா சொன்னதைப் பிரித்துப் பாருங்கள். 'விதைப்போம்' என்பதில் எதிர்காலம் இருக்கிறது. அதுதான் இரண்டாவது 'வில்'. 'பெய்தால்' என்பதில் எதிர்காலத்தின் அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே அங்கே 'வில்'லும் இல்லை. ஆங்கிலேயன் நிகழ்காலத்தை எடுத்துப் போடுகிறான்: "இஃப் இட் ரெயின்ஸ்". நாம் இறந்தகாலத்தின் உருவத்தை எடுத்துப் போடுகிறோம்: 'பெய்தால்'. வருங்காலத்துக்கு என்று இருக்கிற உருவத்தை அந்த இடத்தில் வைப்பதில்லை என்பதில் இருவரும் ஒன்று. ஆகவே தமிழ்ப் பெண்ணுக்கு இந்த விதி புதிதே அல்ல. தாய்ப்பாலோடு குடித்ததை ஆங்கில வகுப்பில் மறந்துபோகிறாள், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். 'வில்' என்ற சொல் பிறவியில் எதிர்காலக் குறியே அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'விரும்புகிறான்' என்றுதான் பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் ரிஜிஸ்டர் பண்ணி வைக்கிறார்களே உயில், அந்தச் சொல்லும் இதன் உடன்பிறப்புத்தான். தனக்குப் பிறகு சொத்து இன்னாருக்குப் போகவேண்டும் என்ற விருப்பம் 'வில்' ஆயிற்று. தமிழ் வாயில் 'உயில்' ஆயிற்று. வினைச்சொல்லான 'வில்'லோ, செய்ய விரும்புகிறேன் என்பதிலிருந்து மெள்ள நகர்ந்து, செய்வேன் என்பதில் வந்து நின்றது. ஆனாலும் பழைய வாசனை இன்னும் முழுக்கப் போகவில்லை. "இஃப் ஹீ வில் கம்" என்றால் 'அவன் வந்தால்' என்பதைவிட, 'அவன் வரச் சம்மதித்தால்' என்றுதான் ஆங்கிலக் காதில் விழும். "இஃப் இட் வில் ரெயின்" என்றால், மழை மனசு வைத்தால் என்கிற மாதிரி! (நைனார்பாளையத்தில் அதையும் ஒப்புக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.)

நம்முடைய பழைய இலக்கணக்காரர்களும் இதையெல்லாம் கவனித்தவர்கள்தான். பவணந்தி முனிவர் நன்னூலில் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டு என்று எண்ணி, முதல் ஐந்தும் இறந்த காலம், ஆறாவது ஒன்று நிகழ்காலம், மீதி ஆறும் எதிர்காலம் என்று கூறுபோட்டிருக்கிறார். அந்த எதிர்கால ஆறில் முதலாவது, 'செய்தால்' என்ற பொருளில் வருகிற 'செயின்'. 'பெய்யின்', 'வரின்' என்று புலவர்கள் எழுதுவது இந்த வகை. நம் அடுக்களையிலும் வயலிலும் நிலைத்தது 'பெய்தால்'தான்.

தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரர்களும் இந்த வாசலைக் கடந்துதான் வரவேண்டியிருந்தது. வீரமாமுனிவர் லத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பேச்சுத் தமிழைப் பாதிரிமார்களுக்குக் கற்றுக்கொடுக்க எழுதிய புத்தகம். நம் பேச்சை அவர்கள் எவ்வளவு மரியாதையாக உட்கார்ந்து படித்திருக்கிறார்கள், பாருங்கள்! நாமோ ஆங்கிலம் படிக்க உட்காரும்போது தமிழைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுகிறோம்.

சரி, வட்டத்துக்கு வைத்தியம் ஆகிவிட்டது. அந்தப் பெண் விடவில்லை. "'இஃப் இட் ரெயின்ட்'னு ஒண்ணு இருக்கே டீச்சர், அது நேத்திக்குப் பேஞ்ச மழையா?" என்றாள்.

இங்கேதான் ருசியே இருக்கிறது. வானத்தில் கருமேகம் திரண்டு நிற்கிறது. இன்றோ நாளையோ கொட்டலாம். அப்போது சொல்வது, "இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸோ." நடக்கக்கூடியது, நம்பிக்கை இருக்கிறது. அதுவே வானம் துடைத்துவிட்ட வெண்கலப் பானை மாதிரி பளபளக்கிறது, பெருமூச்சோடு ஒருவன் சொல்கிறான்: "இஃப் இட் ரெயின்ட், வீ வுட் ஸோ." இதுவும் வரப்போகிற மழையைப் பற்றித்தான், நேற்றைய மழையைப் பற்றியல்ல. ஆனால் அவனுக்கு நம்பிக்கை போதவில்லை. மூன்றாவது, கார்த்திகையும் கழிந்து பட்டம் தப்பிப்போனபின் சொல்வது: "இஃப் இட் ஹேட் ரெயின்ட், வீ வுட் ஹேவ் ஸோன்." பெய்திருந்தால் விதைத்திருப்போம். கதை முடிந்தது.

நம்பிக்கை குறையக் குறைய ஆங்கிலம் காலத்தில் ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்குகிறது. தமிழ், கடைசிப் படிக்கு மட்டும் 'பெய்திருந்தால்' என்று தனி உருவம் வைத்திருக்கிறது. முதல் இரண்டுக்கும் 'பெய்தால்' ஒன்றுதான். நம்பிக்கை எவ்வளவு என்பதைக் குரலில் காட்டுவோம். அல்லது 'மட்டும்' என்ற சொல்லைச் செருகுவோம். "மழை மட்டும் பெய்தால்..." என்று இழுத்தால் எதிரே இருப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். காகிதத்தில் எழுதுகிற ஆங்கிலத்துக்கு இழுக்கத் தெரியாது. ஆகவே எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை நாமே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இது வெறும் மதிப்பெண் விவகாரம் என்று எண்ணாதீர்கள். பெண்கள் வேலைக்கு மனுப் போடுகிறார்கள். கல்லூரிக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் எழுதுகிறார்கள். "இஃப் ஐ ஆம் ஸெலெக்டட், ஐ வில் ஜாய்ன் இம்மீடியட்லி" என்று எழுதுகிறவள் நிமிர்ந்து நிற்கிறாள். கிடைக்கக்கூடிய இடம் அது என்று அவள் நம்புவது தெரிகிறது. அதையே "இஃப் ஐ வேர் ஸெலெக்டட், ஐ வுட் ஜாய்ன்" என்றால் பிழை ஒன்றுமில்லை. ஆனால் 'எனக்கெங்கே கிடைக்கப் போகிறது' என்று அவளே பாதி சொல்லிவிட்ட மாதிரி தொனிக்கும். அதிலும் மரியாதையாக இருக்கட்டுமென்று நம்மவர்கள் இரண்டு பக்கமும் 'வுட்' போட்டு, "இஃப் ஐ வுட் பீ ஸெலெக்டட், ஐ வுட் ஜாய்ன்" என்று எழுதுவார்கள். மரியாதையும் கூடாது, இலக்கணமும் நிற்காது. நடக்கக்கூடிய காரியத்தை, நடக்கும் என்று நம்பி எழுத விரும்பும் பெண்ணுக்கு முதல் படிதான் படி: 'இஃப்' பக்கம் நிகழ்காலம், அடுத்த பக்கம் 'வில்'.

'இஃப்' பக்கத்தில் 'வில்' ஒருபோதும் வராதா என்றால், வரும். அதைக் கண்டுபிடிக்கவும் தமிழே கைகொடுக்கிறது. "மழை பெய்யுமா என்று தெரியவில்லை" என்கிறோமே, அதற்கு "ஐ டோன்ட் நோ இஃப் இட் வில் ரெயின்" என்பது முழுக்கச் சரி. தமிழில் 'பெய்யுமா' என்று எதிர்காலம் வந்துவிட்டது, பாருங்கள். அங்கே 'இஃப்' நிபந்தனையல்ல, சந்தேகம்.

இன்னொன்று. "என் மாத்திரையைச் சாப்பிட்டால் உங்கள் தலைவலி தீரும் என்றால் தருகிறேன்" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறாள். 'தீரும் என்றால்' என்று தமிழ் சொல்கிற இடத்தில் ஆங்கிலமும் "இஃப் இட் வில் கியூர் யுவர் ஹெட்ஏக்" என்று 'வில்'லை உள்ளே விடுகிறது. முதலில் மாத்திரை, பிறகுதானே தலைவலி தீரும்? (யாரோ கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாதீர்கள், இது இலக்கணத்துக்காகச் சொன்னது.) மூன்றாவது, உபசாரம். "இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் பிரிங் காபி." கொஞ்சம் பொறுக்க மனசு வைத்தால் காபி கொண்டுவருகிறேன். இங்கே அந்தப் பழைய விருப்ப 'வில்' உயிரோடு எழுந்து வந்து நாற்காலி போடுகிறது!

'அன்லெஸ்' என்று ஒரு சொல் உண்டு. 'பெய்யாவிட்டால்' என்பதற்குள் 'இல்லை' ஒளிந்திருக்கிற மாதிரி அதற்குள்ளும் ஒளிந்திருக்கிறது. ஆகவே "அன்லெஸ் இட் ரெயின்ஸ்" போதும். மறுபடியும் ஒரு 'நாட்' சேர்த்தால் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்ட கதை.

இதெல்லாம் புத்தகத்தில் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 1930-களில் வெளிவந்து இன்னும் நம் பிள்ளைகள் கையில் இருக்கிற ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்த ரென்தான் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற வீர சாகச நாவலை எழுதியவர் என்று சொன்னால் என் மாணவிகள் நம்பமாட்டார்கள். அத்தனை சாகசமும் தெரிந்தவர் தம் இலக்கணத்தில் ஒரு துளியைக் கலந்திருக்கக் கூடாதா என்று கேட்பார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அன்று இன்னொரு வீட்டுப் பாடம் இருந்தது. உறவினர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் கடிதம். யாருக்கு எழுதுவது என்று யோசிக்கவே இல்லை, அப்பாவுக்கு எழுதினாள். அவர் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை செய்கிறார். போய் மூன்று வருஷமாகிறது. முதல் வரியிலேயே புதிதாகக் கற்ற பாடத்தை அழகாகக் கையாண்டிருந்தாள்: "இஃப் யூ கம் ஃபார் பொங்கல், வீ வில் வைட்வாஷ் த ஹவுஸ்." அப்பா, நீங்கள் பொங்கலுக்கு வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம்.

பிழை என்று காட்ட அதில் ஒன்றுமில்லை. ஆனாலும், "இதிலே 'இஃப்' போடலாம், 'வென்'னும் போடலாம். இரண்டும் சரி. 'இஃப்' என்றால் வருவாரோ, மாட்டாரோ. 'வென்' என்றால் வருவது நிச்சயம், வருகிறபோது என்று அர்த்தம். எது வேண்டுமோ போட்டுக்கொள்" என்று சொல்லிவைத்தேன்.

தமிழில் இந்தத் தொந்தரவு கிடையாது. "அப்பா வந்தால் சொல்லு" என்று மாலை ஆறு மணிக்கு ஆபீசிலிருந்து வரப்போகிறவரைப் பற்றியும் சொல்வோம். எப்போது வருவாரோ என்று தெரியாதவரைப் பற்றியும் அதே மாதிரிதான் சொல்வோம். சந்தேகத்தையும் நிச்சயத்தையும் ஒரே 'ஆல்' தாங்கிக்கொள்கிறது. எத்தனை குடும்பங்களுக்கு அது ஒரு சௌகரியம் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். ஆங்கிலம் அந்தச் சௌகரியத்தைக் கொடுப்பதில்லை. பேனாவைக் காகிதத்தில் வைக்குமுன் தீர்மானம் பண்ணு என்கிறது.

பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவள், முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இப்ப அதிலே என்ன எழுதியிருக்கா?"

"'வந்தா'ன்னு எழுதியிருக்கா. 'வர்றப்ப'ன்னும் எழுதலாம்னு சொன்னேன்."

ஆயாதான் முதலில் பேசினாள். "'வந்தா'ன்னே இருக்கட்டும். போன வருஷமும் இப்படித்தான் சொன்னான். லீவு குடுக்கிறது அவன் கையிலயா இருக்குது?"

அம்மா மாமியாருக்குப் பதில் சொல்லவில்லை. மகளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, அவளால் படிக்க முடியாத அந்த வரியைப் பார்த்தாள். "வர்றப்பன்னு போடு" என்றாள்.

பெண் 'இஃப்'பை அடித்துவிட்டு, மேலே 'வென்' என்று எழுதினாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு சரி விழுந்தது. சாயந்திரம் அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ பிடித்து அப்பாவுக்கு அனுப்பினார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவர் குரல் பதிவு ஒன்று வந்தது. இங்கிலீஷ் நன்றாக எழுதியிருக்கிறாய் என்று மகளை மெச்சிவிட்டு, கடைசியில், "லீவு கெடைச்சா வர்றேன்மா" என்றார்.

அம்மா அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். பிறகு சுவர் ஓரமாக என்னிடம் வந்து, "வர்றேன்னுதானேக்கா சொல்றாரு?" என்றாள்.

"ஆமாம், வர்றேன்னுதான் சொல்றார்" என்றேன்.